வந்து தங்கும் மாணவரும் இடம் கொடுக்கும் வீடும்

(பொன்விழா ஆண்டையொட்டிப் பங்கு மண்டபத்தில் கூடிய குடும்பங்களுக்கு நம் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



பொன்விழாவுக்குப் பந்தல் எங்கே போடுவது, அசனத்துக்கு எத்தனை மூட்டை அரிசி வாங்குவது, சப்பரத்துக்கு யார் பூ ஜோடிப்பது என்பவற்றைப் பேசி முடிக்கவே இத்தனை நாளும் கூடினோம். இன்று வேறொன்றைப் பேச உங்களை அழைத்தோம். மதுரைக்கு வந்து தமிழ் கற்கும் வெளிநாட்டு மாணவர் சிலருக்கு நம் பங்கில் நான்கைந்து வீடுகளில் தங்க இடம் கிடைக்குமா என்று கேட்டு வந்திருக்கிறார்கள். மாணவர் என்றதும் புத்தகப் பையோடு வரும் சிறுவரை எண்ணிவிட வேண்டாம். இருபத்தைந்து, முப்பது, நாற்பது வயதானவர்கள். ஒருவருக்கு ஐம்பதைத் தாண்டிவிட்டதாம்.

சென்ற மாதம் ஞாயிறு திருப்பலி முடிவில் இதை அறிவித்தோம். மூன்று வீட்டார் பெயர் கொடுத்தார்கள். மூன்றும் பிள்ளைகள் ஆங்கிலப் பள்ளியில் படித்து, வீட்டிலேயே ஆங்கிலம் பேசும் குடும்பங்கள். அவர்களுக்கு நன்றி. ஆனால் அன்று கோயில் வாசலில் ஓர் அம்மா நம்மை நிறுத்தி, "எங்க வீட்ல மாடி ரூம் சும்மாதான் கெடக்கு சாமி. ஆனா எங்களுக்கு இங்கிலீசு வராதே, அவுக கூட என்னத்தப் பேசுறது?" என்று கேட்டார். பக்கத்தில் நின்ற நான்கு பேரும் ஆமாம் என்று தலையாட்டினார்கள். அந்த ஒரு கேள்விக்காகத்தான் இந்தக் கூட்டம். தமிழ் கற்க வருகிற ஒருவருக்கு இடம் கொடுக்க, நமக்கு ஆங்கிலம் தெரியவில்லையே என்று கவலைப்படுவது, நீந்தக் கற்க வருகிறவனுக்குக் கொடுக்க நம் கிணற்றில் கட்டில் இல்லையே என்று கவலைப்படுவது போல. நீங்கள் சிரிக்கிறீர்கள். நாமும் இதை எளிதில் கற்றுக்கொள்ளவில்லை.

இந்தக் காரியத்தில் நமக்குச் சொந்த அனுபவம் உண்டு. இடம் கொடுத்தவராக அல்ல, இடம் பெற்றவராக. 2001-ஆம் ஆண்டு, மேற்படிப்புக்காக உரோமை செல்லுமுன் இத்தாலிய மொழி கற்றுவர நம்மைப் பெருஜியாவுக்கு அனுப்பினார்கள். இத்தாலியில் லீரா நாணயம் முழு ஆண்டும் புழங்கிய கடைசி ஆண்டு அது. பெருஜியா உம்பிரியா நாட்டுப்புறத்திலே ஒரு குன்றின் மேல் அமைந்த பழைய ஊர். அங்கே வெளிநாட்டவருக்கு இத்தாலிய மொழியும் பண்பாடும் கற்பிப்பதற்கென்றே ஒரு பல்கலைக்கழகம் 1925 முதல் நடந்து வருகிறது. எட்ருஸ்கர் என்னும் பழங்குடி மக்கள் எழுப்பிய பெரிய கல் வளைவுக்கு எதிரே அதன் மாளிகை நிற்கிறது. உரோமையில் படிக்கப்போகும் குருக்களும் துறவியரும் பலர் அங்கே சில மாதம் மொழி பயின்று செல்வது வழக்கம். மாணவருக்கு அறை கொடுப்பது அவ்வூரில் பல வீடுகளின் பழக்கம்.

முதல் மூன்று வாரங்கள் ஒரு நல்ல குடும்பத்தில் தங்கினோம். அவர்கள் பெயர் வேண்டாம். அவர்களைப் பற்றிக் குறை சொல்ல நமக்கு வாயில்லை. அவ்வளவு அன்பு. அந்த வீட்டு மகளுக்கு ஆங்கிலம் நன்றாக வரும். அதைப் பேசிப் பழக ஆளும் வேண்டியிருந்தது. தண்ணீர் வேண்டும் என்று நாம் இத்தாலிய மொழியில் வாக்கியத்தை மனத்துக்குள் கூட்டி முடிக்குமுன்பே தண்ணீர் மேசைக்கு வந்துவிடும். பிழையாகப் பேசினால், "அழகாகப் பேசுகிறீர்கள்" என்பார்கள். மூன்று வாரம் கழித்து வகுப்பில் ஆசிரியை நம்மை எழுப்பி, நேற்று என்ன செய்தீர் என்று கேட்டார். நின்றோம். நின்றது நின்றபடியே நின்றோம். குருமடத்தில் தத்துவமும் இறையியலும் படித்துத் தேறி, மறையுரை நன்றாக ஆற்றுகிறவர் என்று சின்னப் பெயரும் வாங்கியிருந்த நமக்கு, நேற்று என்ன செய்தோம் என்று சொல்ல வரவில்லை.

பிறகு ஒரு கைம்பெண் அம்மையாரின் வீட்டுக்கு மாறினோம். எழுபது வயதைக் கடந்தவர். பல ஆண்டுகளாக மாணவருக்கு அறை கொடுத்து வந்தவர். ஆங்கிலத்தில் ஒரு சொல்லும் அறியார். அறிய வேண்டும் என்ற எண்ணமும் அவருக்கு இல்லை. முதல் நாள் மாலையே நம்மைச் சமையலறைக்கு அழைத்து, ஒரு கூடை அவரையைக் கொடுத்து உரிக்கச் சொன்னார். குருவானவரை அவரை உரிக்கச் சொல்வதா என்று நமக்குள்ளே ஒரு சின்ன முறுக்கு எழுந்ததை ஒப்புக்கொள்கிறோம். நம் ஊரில் யாராவது விடுவீர்களா? ஆனால் அந்த ஒரு மணி நேரத்தில் கத்தி, கூடை, தோல், விதை, உலை, அடுப்பு, "போதும்", "இன்னும் கொஞ்சம்" என்று வந்து விழுந்த சொற்கள் இன்றளவும் நம்மை விட்டுப் போகவில்லை. குருமடத்தில் படித்த இலத்தீனைக் கொண்டு நாம் சமாளிக்கப் பார்த்தபோது அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். பழைய பூசைப் புத்தகம் சூப்புக் கேட்பது போல இருக்கிறதாம்.

அந்த நாட்டு ரொட்டியில் உப்புக் கிடையாது. உம்பிரியா முழுவதும் அப்படித்தான். போப்பரசர் விதித்த உப்பு வரியை எதிர்த்து 1540-இல் அவ்வூரார் கலகம் செய்தார்கள் என்பது வரலாறு. அன்றைக்குக் கைவிட்ட உப்புத்தான் இன்னும் ரொட்டிக்குத் திரும்பவில்லை என்பது ஊர்ப் பேச்சு. நாமோ ரொட்டிக்காரர் மறந்துவிட்டார் என்றெண்ணி மூன்று நாள் மௌனமாக மென்றோம். நான்காம் நாள் பெட்டியைத் திறந்து, நம் தாயார் கட்டிக் கொடுத்த எலுமிச்சை ஊறுகாயை எடுத்தோம். அம்மையார் அதை ரொட்டியில் துளி தடவி வாயில் போட்டார். கண்ணில் நீர் வந்தது. ஆனாலும் விடவில்லை. "இதற்கு உங்கள் மொழியில் என்ன பெயர்?" என்றார். "ஊறுகாய்" என்றோம். அன்று முதல் இரவுச் சாப்பாட்டின்போது "உருக்காய்" என்று கேட்டு வாங்குவார். ஒரு வார்த்தையை அவரும் தட்டுத்தடுமாறிக் கற்ற பிறகு, நம் தடுமாற்றம் நமக்கு அவ்வளவு வெட்கமாக இல்லை.

வெட்கம் என்றதும் நினைவுக்கு வருகிறது. ஒரு வெள்ளிக்கிழமை இரவு அவருடைய தங்கையும் அயல்வீட்டாரும் விருந்துக்கு வந்திருந்தார்கள். குருவானவராயிற்றே, நற்செய்தியிலிருந்து ஏதாவது சொல்லுங்கள் என்றார்கள். உயிர்த்த ஆண்டவர் கரையில் நிற்க, சீடர்கள் வலை வீசி 153 பெரிய மீன்களைப் பிடித்ததைச் சொல்லத் தொடங்கினோம். இத்தாலியத்தில் மீன்கள் "பெஷ்ஷி". பீச் பழங்கள் "பெஸ்கே". பேதுரு வலையை இழுத்தார், கிழியாத வலையில் 153 பீச் பழங்கள் இருந்தன என்று நாம் உருக்கமாகச் சொல்லி முடித்தோம். மேசையே அதிர்ந்தது. நாம் ஏதோ அற்புதமாகச் சொல்லிவிட்டோம் என்று எண்ணி நாமும் சிரித்தோம். பிறகு ஒருவர் விளக்கினார். அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டோம். ஊருக்குத் திரும்பிவிடலாமா என்றுகூட எண்ணினோம். மறுநாள் விடியற்காலையில் கதவு தட்டும் ஓசை. காப்பியோடு அம்மையார் நிற்கிறார். மேசைமேல் ஒரு பீச் பழத்தையும் ஒரு டப்பா மத்தி மீனையும் வைத்திருந்தார். இதைச் சொல், அதைச் சொல் என்று விரலால் காட்டிக் காட்டிப் பத்து முறை சொல்ல வைத்தார். பாராட்டவும் இல்லை, ஆறுதல் சொல்லவும் இல்லை. பதினோராம் முறை சரியாக வந்தபோது மீன் டப்பாவைத் திறந்தார்.

முதல் வீட்டாரின் அன்பு குறைந்ததல்ல. ஆனால் அவர்கள் நம்மை விருந்தினராக வைத்தார்கள். விருந்தினர் பேச வேண்டியதில்லை. அவர் கேட்குமுன் எல்லாம் வந்துவிடும். இரண்டாம் வீட்டில் நாம் பேசினால்தான் சோறு. தமிழராகிய நமக்கு இது கடினம். வந்தவரை உட்கார வைத்துப் பரிமாறியே பழகியவர்கள் நாம். வள்ளுவர் விருந்தோம்பலுக்கு ஒரு தனி அதிகாரம் வைத்தார். ஆபிரகாம் மம்ரே மரத்தடியில் அந்நியர் மூவரை வரவேற்றதைச் சொல்லி ஆண்டுதோறும் நாமே மறையுரை வைக்கிறோம். அந்த மூவரும் எபிரேய மொழி கற்க வந்தவர்கள் அல்லர் என்பதை நினைவில் வையுங்கள்.

வயது வந்தவர் மொழி கற்பது குழந்தை கற்பது போன்றதன்று. குழந்தைக்கு வெட்கமில்லை. இவரோ தம் ஊரில் பேராசிரியராகவோ மருத்துவராகவோ இருப்பார். நம் அடுக்களையில் மூன்று வயதுப் பிள்ளை போல் நிற்பார். அந்தத் தாழ்ச்சியைத் தாமாகத் தேடி வருகிறார். அதைப் பார்த்து இரக்கப்பட்டு ஆங்கிலத்துக்குத் தாவிவிட்டால், அவர் தேடி வந்ததை நாமே பறித்துக்கொள்கிறோம்.

இது மதுரைக்குப் புதிய காரியமும் அன்று. 1606-இல் இங்கு வந்த தத்துவ போதகர் இராபர்ட் தே நொபிலி, பெருஜியாவிலிருந்து வெகுதொலைவில்லாத மோந்தேபுல்சியானோ ஊர்க் குடும்பத்தைச் சேர்ந்தவர். அவருக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்தவர் இவ்வூர்ப் பள்ளி ஆசிரியர் ஒருவர். வீரமாமுனிவரை அறியாதார் இல்லை. ஆனால் அவர் தமிழுக்கு இலக்கணம் எழுதியபோது செந்தமிழுக்கு ஒன்று, மக்கள் பேசும் தமிழுக்கு ஒன்று என்று தனித்தனியே எழுதினார் என்பது பலருக்குத் தெரியாது. பேச்சுத் தமிழுக்குரியதைத்தான் முதலில், 1728-இல், எழுதினார். கத்தோலிக்க முனிவரின் அந்நூலைத் தரங்கம்பாடியில் லூத்தரன் சபையார் தம் அச்சுக்கூடத்தில் அச்சிட்டார்கள்; அந்தக் காலத்துச் சண்டை சச்சரவுகளை அறிந்தவர்களுக்கு இது சிறிய காரியமாகத் தோன்றாது. அண்மைக் காலத்தில், 1961-இல் தொடங்கிய அமெரிக்க இந்தியவியல் நிறுவனம் மதுரையில் நடத்திய தமிழ் வகுப்புகளில் பயின்றவர்கள் பலர் பின்னாளில் அயல்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் தமிழ் கற்பித்தார்கள்.

வீரமாமுனிவரை இழுத்ததற்குக் காரணம் உண்டு. வெளிநாட்டவரைக் கண்டதும் நம்மவர் சிலர் மேடைத் தமிழுக்கு ஏறிவிடுகிறார்கள். "தாங்கள் எங்கே செல்கின்றீர்கள்?" என்று நம் வீட்டில் யார் யாரைக் கேட்கிறோம்? "எங்க போறீங்க?" என்பதைக் கற்கத்தானே வீட்டுக்கு வருகிறார்கள்? எழுத்துத் தமிழை வகுப்பு பார்த்துக்கொள்ளும். நீங்கள் வீட்டில் பேசுவதையே பேசுங்கள். பைய பேசுங்கள், அவ்வளவே.

இனி ஒரு வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். நம் பங்கல்ல, நாம் முன்பு பணியாற்றிய வேறொரு பங்கு. ஓய்வுபெற்ற ஆசிரியர், அவர் மனைவி, ஆசிரியரின் வயதான தாயார். பக்தியுள்ள குடும்பம். அங்கே நாற்பது வயதுள்ள ஆராய்ச்சி மாணவி ஒருவர் ஏழு மாதம் தங்கினார். ஆசிரியருக்கு ஆங்கிலம் தெரியும்; ஆனாலும் பேசுவதில்லை என்று முதல் நாளே உறுதி செய்துகொண்டார். பெருஜியா அம்மையாரைப் பற்றி நாம் சொன்னதைக் கேட்டுத்தான்.

முதலில் உறவுமுறைச் சிக்கல். மாணவி அந்த அம்மாவை "அக்கா" என்றார். அப்படியானால் ஆசிரியரை என்னவென்று அழைப்பது? அக்கா புருசன் அத்தானல்லவா? அத்தான் என்று அழைத்தால் தெருவே சிரிக்கும். இரண்டு நாள் ஆலோசித்து, அவர் "அண்ணன்" என்று முடிவாயிற்று. அக்காவுக்குக் கணவர் அண்ணனாவது எப்படி என்று மாணவி தம் குறிப்பேட்டில் எழுதி வைத்துக்கொண்டார். "நான் பல்லிக்குப் போறேன்" என்று சொல்லிப் புறப்படுவார். பாட்டியம்மா சுவரைக் காட்டி, "பல்லி அங்கன இருக்கு, நீ பள்ளிக்குப் போ" என்பார். போறேன் என்று சொல்லக்கூடாது, போயிட்டு வர்றேன் என்றுதான் சொல்ல வேண்டும் என்று வாசல்வரை வந்து திருத்தியவரும் அவரே. ஒரு மாதத்தில் வகுப்பில் போய் "அங்கிட்டு", "இங்கிட்டு" என்று பேசி ஆசிரியர்களைச் சிரிக்க வைத்தார். பதிலுக்கு அவரும் அந்த வீட்டைத் திருத்தினார். நம் மதுரைப் பக்கத்தில் வாழைப்பழத்தை எப்படிச் சொல்கிறோம் என்பது உங்களுக்குத் தெரியும். நாக்கை மடித்து ழகரம் பழகி வந்த அந்த வெளிநாட்டுப் பெண், "வாளப்பளம் இல்ல பாட்டி, வாழைப்பழம்" என்றபோது தமிழாசிரியர் தலை குனிந்தார்.

இதுவரை சொன்னது இனிப்பு. அவ்வீட்டுத் தலைவரின் இசைவு பெற்றே மீதியையும் சொல்கிறோம். "பேர் மட்டும் சொல்லாதீங்க சாமி" என்றார்.

அந்த வீட்டில் பாத்திரம் துலக்க ஒரு சகோதரி வருவார். அதே பங்கைச் சேர்ந்தவர். அதே பீடத்தின் முன் வரிசையில் நின்று நற்கருணை வாங்குகிறவர். காலையில் அவருக்குக் காப்பி உண்டு. அதற்கு ஒரு டம்ளர் கொல்லைப்புறச் சுவர்மேல் கவிழ்த்து வைத்திருக்கும். ஒருநாள் அக்காவுக்குக் காய்ச்சல். மாணவியே காப்பி போட்டு, அலமாரியிலிருந்து எடுத்த எவர்சில்வர் டம்ளரில் ஊற்றி அந்தச் சகோதரிக்கும் கொடுத்துவிட்டார். பாட்டியம்மா பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. டம்ளரை எடுத்துக் கொல்லையில் வைத்துவிட்டார். மாணவி அதைப் பார்த்தார்.

அன்று மாலை ஆசிரியரிடம் கேட்டார்: "அண்ணே, ஏன் அவங்களுக்கு வேற டம்ளர்?"

இரண்டு மாதமாக அந்த வீட்டில் ஆங்கிலம் பேசாத ஆசிரியர் அன்றுதான் ஆங்கிலத்தில் பேசினார். சுத்தம், சுகாதாரம், தொற்று என்று ஏதோ விளக்கினாராம். மாணவி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தமிழ்ல சொல்லுங்க அண்ணே" என்றார்.

தமிழில் அவரால் சொல்ல முடியவில்லை. தமிழில் சொன்னால் அது என்னவென்று அவர் காதுக்கே கேட்டுவிடும்.

மறுநாள் நமக்குத் தொலைபேசி வந்தது. "நீங்க வந்து கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்க சாமி, அவுக தப்பா நெனைச்சிட்டாக" என்றார். போனோம். வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்தோம். வழக்கமான வெள்ளி டம்ளரில் காப்பி வந்தது. நான்கு ஆண்டுகளாக அந்த வீட்டுக்குப் போய் வந்தவர் நாம். அந்தச் சுவரையும் பார்த்திருக்கிறோம், சுவர்மேல் இருந்த டம்ளரையும் பார்த்திருக்கிறோம். திருச்சபையில் சாதி கூடாது என்று பீடத்திலிருந்து பொதுவாக முழங்கியும் இருக்கிறோம். அந்த வீட்டில் அந்த டம்ளரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டால் காப்பி நின்றுவிடும் என்பதற்காக அல்ல; கேட்கத் தோன்றவே இல்லை. அதுதான் பெரிய பாவம் என்று இப்போது தோன்றுகிறது.

மாணவியிடம், "இது ரொம்பப் பழைய வழக்கம்மா..." என்று தொடங்கினோம்.

"நல்ல வழக்கமா, கெட்ட வழக்கமா?" என்று கேட்டார். கேலியாக அல்ல. நல்ல, கெட்ட என்ற இரண்டு சொல்லும் பாடப் புத்தகத்தின் ஆரம்பத்திலேயே வந்துவிடுகின்றன. அவருக்கு அப்போது இருந்த தமிழில் அப்படித்தான் கேட்க முடியும். நுணுக்கமான தமிழ் தெரிந்திருந்தால் நாம் அவரைச் சுற்றி வளைத்திருப்போம். அவரும் மரியாதைக்காகச் சுற்றியிருப்பார்.

"கெட்ட வழக்கம்" என்றோம். அந்த வீட்டில் நாம் ஆற்றிய முதல் மறையுரை இந்த இரண்டு சொற்கள்.

சுவரில் இருந்த டம்ளர் அந்த வாரமே போய்விட்டது. ஆனால் கதை அதோடு நேராகிவிடவில்லை. பாட்டியம்மா அலமாரி டம்ளர்களில் காப்பி குடிப்பதை நிறுத்திவிட்டார். தமக்கென்று ஒன்றை எடுத்துத் தம் அறையில் ஜெபமாலைப் பெட்டியின் அருகில் வைத்துக்கொண்டார். இறக்கும்வரை அப்படித்தான். ஆக, வேற டம்ளர் அந்த வீட்டை விட்டுப் போகவில்லை, இடம் மாறியது. கோபித்துக்கொண்ட ஆசிரியர் நம்மோடு மூன்று மாதம் சரியாகப் பேசவில்லை. பிறகு அவரே வந்து பேசினார். அந்தச் சகோதரியை ஒருநாள் கோயிலில் கண்டு, இப்போது எப்படி அம்மா என்று கேட்டோம். "டம்ளரு மாறுச்சு சாமி, சம்பளம் மாறல" என்றார். இதை ஆசிரியர் காதில் போட்டோம். அடுத்த மாதம் கூட்டிக் கொடுத்ததாகச் சொன்னார்கள். எவ்வளவு என்று நாம் கேட்கவில்லை; கேட்டிருக்க வேண்டும். இன்று இந்த உரையில் இதைச் சொல்லலாமா என்று அந்தச் சகோதரியிடமும் அனுமதி கேட்டோம். பேரைச் சொன்னாலும் பரவாயில்லை என்றார். நாம் சொல்லவில்லை.

இதைச் சொல்லி உங்களைப் பயமுறுத்துவதாக எண்ண வேண்டாம். பெயர் கொடுத்தபின் இப்படியும் இருக்கிறதா என்று யாரும் கேட்கக்கூடாது என்பதற்காக முன்கூட்டிச் சொல்கிறோம். அறையை மட்டும் வாடகைக்கு விடுவது வேறு. வீட்டுக்குள் ஒருவரைத் தமிழ் கற்க விட்டால், அவர் அம்மா, அப்பா, சோறு, குழம்பு ஆகியவற்றுக்கு மட்டும் பெயர் கேட்கமாட்டார். கண்ணில் படுவதற்கெல்லாம் பெயர் கேட்பார். நம் வீடுகளில் பெயர் சொல்ல முடியாத பொருள் ஏதாவது சுவர்மேல் இருக்கிறதா என்று வருமுன் ஒருமுறை பார்த்து வையுங்கள். பங்குத்தந்தை இல்லத்துச் சமையலறைச் சுவரையும் சென்ற வாரம் போய்ப் பார்த்தோம்.

இனிச் சில சில்லறைக் காரியங்கள். "போதும்" என்ற சொல்லை முதல் நாளே கற்றுக் கொடுங்கள். கற்றுக் கொடுத்த பிறகு அதை மதியுங்கள். போதும் என்ற பின்னும் இரண்டு இட்லி வைத்தால், அந்தச் சொல்லுக்குப் பொருள் "இன்னும் இரண்டு" என்று அவர் எழுதிக்கொள்வார். கதவைச் சாத்திக்கொண்டால் கோபம் என்று எண்ணாதீர்கள். நாள் முழுவதும் அந்நிய மொழியைக் கேட்டுக் களைத்த தலை அது. நாமே அறிவோம். குடிக்கக் காய்ச்சி ஆறிய தண்ணீர். காரம் முதல் வாரத்தில் பாதி. கல்யாணமாகவில்லையா, சம்பளம் எவ்வளவு என்று அயல்வீட்டார் கேட்பார்கள்; அதற்கும் பதில் சொல்லப் பழகட்டும், ஆனால் ஒரே நாளில் பத்துப் பேர் கேட்காதபடி பார்த்துக்கொள்ளுங்கள். பெண் மாணவி தங்கும் வீட்டில் வந்து போகும் உறவுக்கார வாலிபர்களுக்கு முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். இதை விளக்க வேண்டாம் என்று எண்ணுகிறோம். பிழையை உடனே திருத்துங்கள். நாலு பேர் முன்னால் சிரிக்காதீர்கள். சிரித்துவிட்டால் மறுநாள் காலை காப்பியோடு போய்க் கதவைத் தட்டுங்கள்.

பணம் பற்றி வெட்கப்பட வேண்டாம். தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும் வகுப்பு நடத்துபவர்கள் தருவார்கள். எவ்வளவு, எந்தத் தேதியில், இடையில் போய்விட்டால் என்ன என்பதை முதலிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பணத்தைப் பற்றிப் பேசாமல் விட்டுப் பிறகு மனத்தாங்கல் அடைந்த நல்லவர்களை நாம் நிறையப் பார்த்திருக்கிறோம். அடுத்து, வெளிநாட்டவர் யாரேனும் வீட்டில் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். விடுதிக்கு மட்டுமல்ல, வீட்டுக்கும் அது பொருந்தும். இப்போது கணினி வழியாகவே பதியலாம். செய்யத் தெரியாதவர்கள் பங்கு அலுவலகத்துக்கு வாருங்கள். இளைஞர் இயக்கத்துப் பிள்ளைகள் செய்து தருவார்கள்.

மாடி அறை வைத்திருக்கும் அந்த அம்மா பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். நேற்று மாலை அலுவலகத்துக்கு வந்து பெயர் கொடுத்துவிட்டார். பெயர் கொடுக்குமுன் ஒன்று கேட்டார்: "வெள்ளிக்கிழமை தவிர எங்க வீட்ல கருவாடு வைப்போம் சாமி, அந்த வாடை அவுகளுக்கு ஆகுமா?" அதற்கு நேற்றுப் பதில் சொல்லாமல் அனுப்பிவிட்டோம். இப்போது சொல்கிறோம். வையுங்கள் அம்மா. ஜன்னலைத் திறந்து வையுங்கள். அவர் மூக்கைப் பிடித்தால் "நாத்தம்" என்ற சொல்லைக் கற்றுக் கொடுங்கள். மறுசோறு கேட்டால் "வாசம்" என்பதைக் கற்றுக் கொடுங்கள். இன்னும் இரண்டு வீடுகள் தேவைப்படுகின்றன. வரும் ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்தபின் உபதேசியார் நோட்டுப் புத்தகத்தோடு கெபிக்கு அருகில் உட்கார்ந்திருப்பார்.